மருந்து குடிக்காத எலிகள்

மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில் எலிகளின் ரத்தத்தைச் சோதிக்கும் அறை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த அம்மாளை எல்லோரும் வெடியக்கா என்பார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில். நேரில் சொல்லும் துணிச்சல் அவள் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவருக்கு அச்சகத்தில் வேலை. மைக்கறை போகாத கை, சத்தம் வராத சிரிப்பு. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுகிற ஓசையை வைத்தே அன்றைக்கு யார் மாட்டினார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். ஒரு செருப்பு சுவரில் மோதினால் துறைத்தலைவர். இரண்டும் மோதினால் உலகம்.

அவளுடையது வந்து போகிற கோபம் அல்ல, குடியிருக்கிற கோபம். அது எப்போது குடிவந்தது என்றும் அவளுக்குத் தெரியும். அவள் அப்பா மூட்டை தூக்கியவர். காலில் ஒரு புண் வந்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு ஆன்டிபயாடிக் காப்சூல் கொடுத்தார். ஆறவில்லை, இன்னும் கொடுத்தார். ஆறியது, திரும்ப வராமல் இருக்கட்டும் என்று மேலும் கொடுத்தார். அப்பாவும் வெற்றிலை பாக்கு போடுகிற மாதிரி மாதக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டே மூட்டை தூக்கினார். முதலில் கண் மஞ்சளானது, பிறகு நகம். அப்புறம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் சித்தப்பா. விதி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த மகள் மட்டும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய், ஈரலைக் கெடுத்தது அந்தக் காப்சூலா என்று கேட்டாள்.

"இப்ப தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போற? அவருக்கு டைம் முடிஞ்சுபோச்சு" என்றார் படித்த அந்த டாக்டர்.

சித்தப்பாவை அவள் மன்னித்துவிட்டாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டாக்டரை இன்றுவரை மன்னிக்கவில்லை. மாத்திரை கொன்றது என்று சொன்னால் கேள்வி கேட்க ஆள் உண்டு: கொடுத்தவன் இருக்கிறான், தயாரித்தவன் இருக்கிறான், அனுமதித்தவன் இருக்கிறான். டைம் கொன்றது என்று சொல்லிவிட்டால் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போகலாம்.

அதனால்தான் அந்த ஆராய்ச்சி அவள் துறைக்கு வந்தபோது அவள் செருப்பு அன்றைக்குச் சத்தமே போடவில்லை. ஒரு மருந்துக் கம்பெனி தன் ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் சாப்பிடலாம் என்று விற்க விரும்பியது. எதற்கு? முகப்பருவுக்கு. கன்னத்தில் நாலு பரு வந்த பிள்ளைகள் ஆறு மாதம் விழுங்கட்டுமாம். அதற்கு முன்னால் எலிகளுக்குக் கொடுத்து, ரத்தத்துக்கும் ஈரலுக்கும் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கொடுத்த காப்சூலும் இதே வம்சம்தான். அன்றைக்கு யாரும் பதில் சொல்லாத கேள்வியை இன்றைக்குத் தன் கையாலேயே கேட்கப்போகிறோம் என்று அவளுக்கு ஒரு நிறைவு.

முறை எளிமையானது. ஈரலின் செல்கள் அடிபட்டால், உள்ளே அடங்கியிருக்க வேண்டிய நொதிகள் ரத்தத்தில் கசியும். ஆகவே ரத்தத்தில் அந்த நொதிகளின் அளவு ஏறினால் ஈரல் அழுகிறது என்று அர்த்தம். சில கூண்டு எலிகளுக்கு நுனி உருண்டையான ஊசியால் தொண்டைக்குள் மருந்தை ஊற்றினார்கள். வேறு சில கூண்டு எலிகளுக்கு அதே ஊசியால் வெறும் தண்ணீர். அந்த இரண்டாவது ரகத்துக்குத்தான் கன்ட்ரோல் என்று பெயர். மருந்து குடிக்காத எலி. மருந்து குடித்ததை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? இதோடுதான். கன்ட்ரோல் கெட்டால் ஆராய்ச்சியே கெட்டது.

முதல் தடவை ரத்தம் எடுத்தபோதே தகராறு. மருந்து குடித்த எலிகளுக்கு நொதிகள் ஏறியிருந்தன, சரி. மருந்தே குடிக்காத எலிகளுக்கும் ஏறியிருந்தன. புத்தகம் சொல்லும் அளவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டது. கன்ட்ரோல் எலி பொய் சொல்லாது என்பதில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. கடவுளை நம்பாதவர்களும் எதையாவது நம்பத்தான் செய்கிறார்கள்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கை வரவழைத்தாள். காதில் பென்சில் செருகிய, எதற்கும் அவசரப்படாத மனிதர். அவர் பெட்டியைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"மருந்தே குடிக்காத எலிக்கு எப்படிய்யா ஈரல் கெடும்? உன் மெஷின் ஏதாவது குடிச்சிருக்கா?"

அவர் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், சோதித்தார். ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாமல் எப்படி இரண்டு மடங்கு காட்டும் என்று கத்தினாள். இந்த மெஷினைத் தள்ளிவிட்டு வேறு கம்பெனியில் வாங்கச் சொல்லிவிடுவேன் என்றாள். பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு, கணக்கிடும் எண்ணை மாற்றிவைத்து, கன்ட்ரோல் எலிகள் புத்தகத்தில் உள்ள அளவுக்கே வந்து உட்காரும்படி செய்துகொடுத்தார்.

"திருகிட்டேன்மா. ஆனா இது மெஷினுக்காகத் திருகினது இல்ல, உங்களுக்காகத் திருகினது. ஒரு நாள் உங்க ரத்தத்தையே வெச்சுப் பாருங்க. அப்புறம் வந்து திட்டுங்க."

திமிர் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆராய்ச்சி முடிந்தது. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. மருந்து குடித்த எலிகள் ஒரு மயிரிழை அதிகம்தான், ஆனால் புள்ளியியல் கணக்குப் போட்டபோது அந்த மயிரிழை நிற்கவில்லை. வெள்ளை அணுக்களிலும் அதே கதை. துறைத்தலைவர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். பெரியவர் என்று மற்றவர்கள் கூப்பிடும் அவர், குரலை உயர்த்தாதவர், யாரையும் பெயர்சொல்லித் திட்டாதவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் "பாருங்க" என்று தொடங்குகிறவர். கட்டுரையின் நகல் கையெழுத்துக்காக அவள் மேசைக்கு வந்தது. "நீண்டகாலம் உட்கொண்டாலும் ஈரலுக்குத் தீங்கு இல்லை" என்று முடித்திருந்தார்கள்.

அந்த வரியை அவள் பல தடவை படித்தாள். நோயாளிகளுக்கு நல்ல செய்தி என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் மனதில் எழுந்த கேள்வி வேறு. அப்படியென்றால் அப்பாவை எது கொன்றது? டைமா?

மெக்கானிக் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வேண்டாவெறுப்பாகத் தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள். வந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. மனிதருக்கு இருக்க வேண்டியதில் பாதி. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இப்படியா? மதியச் சாப்பாடு கொடுக்க வந்த வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர், சோறு கொண்டு வந்தவனிடம் ரத்தம் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டைக்கையை மடித்தார். அவருக்கும் பாதி.

"அப்ப என் ஈரல் அவ்வளவு சுத்தமா? உன்கூட இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் ஒண்ணும் ஆகலையே" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. மெக்கானிக் மாற்றியதைப் பழையபடி வைத்து, இரண்டு ரத்தத்தையும் மறுபடி ஓட்டினாள். இருவருக்கும் இருக்க வேண்டிய அளவு அப்படியே வந்தது. மெஷின் ஆரம்பத்திலிருந்தே சரி. மருந்து குடிக்காத எலிகளுக்கு நிஜமாகவே ஈரல் கெட்டிருந்தது. உண்மை சொன்ன மெஷினின் வாயை அவளே பொத்தியிருக்கிறாள்.

உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான். ஆனால் அவள் மன்னிப்புக் கேட்டாலும் அது வசவு மாதிரிதான் இருக்கும். நீ சொன்னது சரி என்று தெரிந்தால் என் மண்டையில் குட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா, நான் கத்தினால் நீ பயந்துவிடுவதா, இவ்வளவுதானா உன் தொழில் மேல் உனக்கு இருக்கிற மரியாதை என்று பொரிந்துவிட்டு வைத்தாள். வைப்பதற்குள் அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது.

அடுத்த கேள்வி: மருந்து குடிக்காதவை வேறு எதைக் குடித்தன?

எலிவீடு கல்லூரியின் கடைசிக் கட்டடம். அதற்கு அப்பால் மதில்தான். ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே போவது அபூர்வம். கூண்டுகளைச் சோதனை அறைக்கே தள்ளுவண்டியில் கொண்டுவந்துவிடுவார்கள். கதவைத் திறந்ததும் மூக்கில் அறைந்தது எலி நாற்றம் அல்ல, சாக்கடை நாற்றம். தரையில் ஒரு மூலையில் கல் பெயர்ந்து கறுப்பாக நீர் தேங்கியிருந்தது. அதன் மேல் பலகை போட்டு நடந்தார்கள். கூண்டுகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. எலிகளைப் பராமரிக்கிறவர், எலியண்ணன் என்று பெயர், ஒரு எலியைக் கையில் வைத்து அதன் தலையில் மஞ்சள் மையால் அடையாளப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் எப்போதும் மஞ்சள்தான். அந்த மையின் கறை என்றுதான் கல்லூரி முழுக்க நினைத்திருந்தது, அவள் உட்பட.

வாசல்வரைகூட வராத வெடியக்கா உள்ளேயே வந்துவிட்டதைப் பார்த்து அவர் பதறி ஸ்டூலைத் துடைத்தார். அவள் உட்காரவில்லை. எலிகளுக்கு என்ன தீவனம், என்ன தண்ணீர் என்று கேட்டாள். அவர் பெருமையாக எல்லாவற்றையும் காட்டினார். கூண்டில் கவிழ்த்துவைத்த பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, கழுவி, வாளியிலிருந்து தண்ணீர் மொண்டார். அந்தத் தண்ணீர் எலுமிச்சை நிறத்தில் இருந்தது. புட்டிக்குள் போனதும் பழுப்பில் நிறம் மறைந்துவிட்டது.

"இது என்ன அண்ணே?"

"தண்ணிதாம்மா."

"மஞ்சளா இருக்கே."

"பொடி போட்டிருக்கில்ல" என்றார் அவர், இதைக்கூடவா தெரியாது என்கிற மாதிரி. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். மூடியில் கொழுத்த கோழியின் படம். கோழிப்பண்ணைகளில் நோய் வராமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக். அதே வம்சம். அவர் விரல்களின் மஞ்சள் அடையாள மை மட்டும் அல்ல. "என் கையில ஒரு பிள்ளைகூட அநியாயமா சாகாதும்மா. வேற காலேஜ்ல கேட்டுப் பாருங்க, கொத்துக் கொத்தா சாகும்" என்றார்.

எத்தனை காலமாக என்று கேட்டாள். ரொம்பக் காலமாக என்றார். கதை இதுதான். பல வருஷங்களுக்கு முன் அந்தச் சாக்கடை உடைந்தது. எலிகள் வயிற்றுப்போக்கில் செத்தன. அப்போது பெரியவர் தலைவர் ஆகவில்லை, தன் பெரிய ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். எலி செத்தால் ஆராய்ச்சி செத்தது. சாக்கடையைச் சரிசெய்யக் கேட்டார்கள், இப்போது முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். பொடி சல்லிசு. தண்ணியில ஏதாவது கலந்து சாகாம பாத்துக்கோ என்றார் பெரியவர். எலியண்ணன் பார்த்துக்கொண்டார். பெரியவரின் ஆராய்ச்சி முடிந்தது, பட்டம் வந்தது, பதவி வந்தது. நிறுத்து என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. உடைந்த சாக்கடையும் மஞ்சள் தண்ணீரும் அப்படியே நின்றுவிட்டன. ஒரு குழாயை மாற்றச் சோம்பல்பட்டவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் பிறந்த ஒவ்வொரு உயிருக்கும் மருந்து ஊட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த எலிகளை வைத்து யார் யார் பட்டம் வாங்கினார்களோ, எந்தெந்த மருந்து நல்லது என்று எழுதினார்களோ, அத்தனையும் இந்த வாளிக்குள் கரைந்துவிட்டது. அவளுக்கு மண்டைக்குள் கொதித்தது.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது.

"பயப்படாதீங்கம்மா, நல்ல பொடிதான். எனக்கு வயிறு சரியில்லேன்னா நானே இதுல ஒரு டம்ளர் குடிச்சிப்பேன். டாக்டர்கிட்டயே போனதில்ல" என்றார் எலியண்ணன்.

அவள் அவரை ஜன்னல் பக்கம் இழுத்துப் போய்க் கண்ணிமையைக் கீழே இறக்கிப் பார்த்தாள். அப்பாவின் கண் மாதிரி இருந்ததா, அவள் பயம் அப்படிக் காட்டியதா, சொல்ல முடியவில்லை. அன்றைக்கே ரத்தம் எடுத்தாள். நொதிகள் ஏறித்தான் இருந்தன. ஒரு ஆளின் ரத்தம் எதையும் நிரூபிக்காது, அது அவளுக்குத் தெரியும். வேறு காரணம் இருக்கலாம். ஆனாலும் இனிமேல் அந்த வாளியில் வாய் வைத்தால் உன் வீட்டுக்காரியிடம் வந்து சொல்வேன் என்று மிரட்டிவிட்டு, பொடி டப்பாவோடு நேராகப் பெரியவர் அறைக்குப் போனாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கோழிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பாருங்க, ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் இல்லைன்னு எழுதியிருக்கோம். வித்தியாசம் இல்லைங்கறது உண்மைதானே? அதுல எந்த நம்பர் பொய், சொல்லுங்க" என்றார்.

"ரெண்டு பேருக்கும் விஷத்தைக் கொடுத்துட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாந்தி, அதனால இது விஷம் இல்லைன்னு எழுதற மாதிரி இருக்கு சார்."

அவர் முகம் மாறவில்லை. அவள் சொல்கிறபடியே எழுதினால் பொடி கலந்தது யார் என்ற கேள்வி வரும் என்றார். அனுமதி இல்லாமல் ஆராய்ச்சி விலங்குக்கு மருந்து கொடுத்தால் வேலை போகும், அந்த மனிதருக்கு மூன்று பெண் பிள்ளைகள், கொஞ்சம் யோசியுங்கள் என்றார். கரிசனமாகத்தான் சொன்னார். யார் உத்தரவில் கலந்தார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் எலியண்ணன் வேலை போகும், மூடினால் பரு வந்த பிள்ளைகளின் ஈரல் போகும். பெரியவருக்கு மட்டும் எதுவும் போகாது.

அன்று சாயங்காலம் இரண்டு செருப்பும் சுவரில் மோதின. வீட்டுக்காரர் கேலி பேசவில்லை. அவள் சொல்லி முடித்ததும், அச்சகத்தில் தப்பாகச் சேர்த்த எழுத்தைத் திருத்தாமல் அச்சடித்தால் எல்லாப் பிரதியிலும் அதே தப்பு வரும் என்று மட்டும் சொன்னார். அப்புறம் சாப்பாடு எடுத்துவைத்தார்.

இரண்டு நாளில் புதிய நகல் வந்தது. பெரியவர் புத்திசாலி. ஆராய்ச்சி திரும்பப் பெறப்படுகிறது, காரணம் மெஷினில் கோளாறு, மெஷினைப் பராமரித்தவர் அளவை மாற்றிவைத்துவிட்டார் என்று எழுதியிருந்தது. கம்பெனிக்கும் சமாதானம், எலியண்ணனுக்கும் ஆபத்தில்லை. ஆய்வுகளைக் கேள்வி கேட்கும் கல்லூரிக் குழுவின் முன் அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மெஷினுக்குப் பொறுப்பாளர் அவள்தானே.

செய்தி பரவி, அவளைத் தேடி முதலில் வந்தவர் மெக்கானிக். காதில் பென்சில் இல்லை. "உங்களுக்காகத் திருகினேன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா. இப்ப என் கம்பெனியில என்னை வெளியே அனுப்பிடுவாங்க" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அடுத்து எலியண்ணன் வந்தார். போட்டுவிடுங்கள் அம்மா, எனக்கு வம்பு வேண்டாம், பிள்ளைகளைப் பிரிந்து என்னால் இருக்க முடியாது என்றார். பிள்ளைகள் என்று அவர் சொன்னது எலிகளை. ஒருவரைக் காப்பாற்ற மற்றவரைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் பெரியவர் விட்டுவைத்த வழி. ஏழைகளுக்கு நடுவில் ஒரே ஒரு குடையை எறிந்துவிட்டு நனையாமல் நடந்துபோகிற வித்தை.

குழு கூடிய அறைக்கு அவள் இரண்டு வெள்ளைக் கண்ணாடிப் புட்டிகளோடு போனாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் எலிவீட்டுத் தண்ணீர். மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வேறு துறைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், கம்பெனியின் ஆள் ஒருவர். பெரியவர் மெஷின் கோளாறைப் பற்றி மென்மையாகச் சொல்லி முடித்தார். அவள் எழுந்தாள். முதலில் தன்னைப் பற்றிச் சொன்னாள்: மெஷின் சரியாகத்தான் இருந்தது, மிரட்டி மாற்றவைத்தது நான், மெக்கானிக் மறுத்தார், என் தப்பை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் புட்டிகளைக் காட்டினாள். இந்தக் கல்லூரியில் மருந்து குடிக்காத எலி ஒன்றுகூடக் கிடையாது என்றாள்.

பெரியவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கதவருகே நின்றிருந்த எலியண்ணனைப் பார்த்து, "பாருங்க, இதெல்லாம் யாரைக் கேட்டுப்பா கலந்தே?" என்றார்.

அறையே எலியண்ணனைப் பார்த்தது. அவர் தன் மஞ்சள் விரல்களைப் பார்த்துக்கொண்டார். மறைத்துக்கொள்ளவில்லை.

"நீங்கதான் ஐயா சொன்னீங்க, சாகாம பாத்துக்கோன்னு. நான் சாகாமதான் பாத்துக்கிட்டேன். சாக்கடையைப் பாத்துக்கறேன்னு நீங்க சொன்னீங்க. நீங்கதான் பாத்துக்கலை."

கம்பெனி ஆள் பேனாவை மூடினார். அந்த மூடியின் சத்தம் கேட்டது. எலும்பியல் துறையிலிருந்து வந்திருந்த ஒரு வயதான டாக்டரம்மா மஞ்சள் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, தன் மாணவர்கள் எத்தனை பேர் அந்த எலிவீட்டு எலிகளில் வேலை செய்தார்கள் என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டார். நகலில் மெஷின் என்று இருந்த இடத்தை அவள் அடித்துவிட்டு, துறையின் உத்தரவுப்படி குடிதண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கப்பட்டு வந்தது, காரணம் சரிசெய்யாத சாக்கடை, என்று எழுதினாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். அந்த எழுத்தின் அழுத்தம் அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.

அந்த ஆராய்ச்சியை வேறு கல்லூரியிலிருந்து வாங்கிய எலிகளை வைத்துத் திரும்பச் செய்தார்கள். சுத்தமான தண்ணீர் குடித்த எலிகளின் ஈரல் சும்மா இருந்தது. மருந்து குடித்தவற்றின் நொதிகள் ஏறின, வெள்ளை அணுக்கள் இறங்கின. பருவுக்கு ஆறு மாதம் விழுங்கலாம் என்று அந்தக் கல்லூரியிலிருந்து யாரும் எழுதவில்லை. கம்பெனி வேறு எங்காவது எழுதி வாங்கியிருக்கலாம். உலகத்தில் எலிவீடுகளுக்கா பஞ்சம்?

மெக்கானிக்கின் வேலை தப்பியது. அடுத்த தடவை அவர் காதில் பென்சிலோடு வந்து, இன்றைக்கு யாருக்காகத் திருகட்டும் என்று கேட்டு ஒரு வசவு வாங்கிக்கொண்டு போனார். சாக்கடைக் குழாயை மாற்றினார்கள். இரண்டு ஆட்கள் வந்தார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகையே வந்தது. எலியண்ணன் மேல் கை வைக்க முடியவில்லை, குழுவின் முன் உத்தரவு யாருடையது என்று பதிவாகிவிட்டதால். பெரியவருக்குத் தண்டனை கிடைத்தது என்று நினைக்கிறவர்கள் கதைப் புத்தகம் அதிகம் படிக்கிறவர்கள். அவர் இன்னொரு கல்லூரிக்கு முதல்வராகப் போனார், மாலையோடு. வெடியக்காவை எலி ரத்தத்திலிருந்து எடுத்து, வெளிநோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் ஜன்னலில் போட்டார்கள். நிர்வாக வசதிக்காக என்று எழுதியிருந்தது.

ஜன்னலிலும் அவள் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி மெஷினில் ஆரோக்கியமானவரின் அளவு எது என்று வைத்துப்பார்க்க, எந்த மருந்தும் சாப்பிடாத சில ஆட்களின் ரத்தம் தேவைப்பட்டது. கையை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் சமீபத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். சளிக்கு ஆன்டிபயாடிக் போட்டவர், பல்வலிக்குப் போட்டவர், அலுப்புக்குப் போட்டவர், பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்தது என்று போட்டவர். ஒரு அம்மா, குழந்தை பரீட்சைக்கு முன்னால் சீக்காகக் கூடாது என்று முன்கூட்டியே கொடுத்திருந்தாள். கடைக்காரர் கொடுத்தார், பேர் தெரியாது, மஞ்சளாக இருக்கும் என்றார்கள். ஊரே வாளியில் வாய் வைத்திருந்தது. எந்தச் சாக்கடையைச் சரிசெய்யாததற்காக இவர்கள் எல்லோருக்கும் இதை ஊட்டுகிறார்கள் என்று அவள் ஒவ்வொரு ஊசியின்போதும் நினைத்தாள். சத்தமாகவும் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள், இந்த ஜன்னலுக்கு வந்தால் ரத்தத்தோடு வசவும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

மாதம் ஒருமுறை எலியண்ணனும் அந்த வரிசையில் வந்து நின்றார். மஞ்சள் தண்ணீரை விட்டதிலிருந்து அவர் எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தன. விரல்களிலும் மையின் மஞ்சள் மட்டுமே மிச்சம் இருந்தது. அதற்காக அவர் நன்றி சொன்னதில்லை. அவருக்கு அவள் மேல் தீராத வருத்தம்.

"உங்க சுத்தத் தண்ணி வந்ததுலேர்ந்து ரெண்டு பிள்ளை செத்துப்போச்சும்மா" என்றார், கையை நீட்டிக்கொண்டே. "பொடி போட ஆரம்பிச்சதுலேர்ந்து என் சர்வீஸ்ல நடக்காதது."

"வயசாகிச் செத்திருக்கும் அண்ணே."

"டைம் வந்துடுச்சுன்னு சொல்றீங்களா?"

அவள் ஊசியை அப்படியே நிறுத்தினாள். பின்னால் நின்றவர்கள், வந்தது வெடி என்று அரையடி தள்ளி நின்றார்கள்.

"அந்த வார்த்தையை மட்டும் என் ஜன்னல்ல சொல்லாதீங்க" என்றாள். "ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. ஏன் செத்துதுன்னு அறுத்துப் பாத்துச் சொல்றேன்."

எலியண்ணன் அவளை முறைத்தார். அப்புறம் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, துணியில் சுற்றி, பனிக்கட்டி வைத்துக் கொண்டுவந்திருந்த பொட்டலத்தை ஜன்னல் பலகையில் வைத்தார்.

"தெரியும்மா, கேப்பீங்கன்னு" என்றார்.